கையால் வரையும் அனிமேஷனுக்கு எந்த மென்பொருளை முதலில் பழகுவது? நான்கு இடைமுகங்களின் ஒப்பீடு

அனிமேஷன் மென்பொருள் ஒன்றை முதன்முறையாகத் திறப்பவரை, பேனா திரையைத் தொடும் முன்பே பொத்தான்களின் நெரிசல் தயங்க வைத்துவிடுகிறது. நடுவில் வரைதளம், ஓர் ஓரத்தில் கருவிகள், மறு ஓரத்தில் வண்ணங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்களும், அடியில் படங்களை நேர வரிசையில் காட்டும் டைம்லைன் என்று மேலோட்டமாகப் பார்க்கும்போது எல்லாமே ஒரே சாயலில் இருந்தாலும், வேலையைத் தொடங்கியதும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பழக்கத்தை நம்மிடம் எதிர்பார்ப்பது புரியும். வரைந்த படம் எங்கே போயிற்று, அடுத்த படத்தை எங்கே தொடங்குவது, காணாமற்போன பேனலை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல், நன்றாக வரையத் தெரிந்தவர்கள்கூட ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த ஒப்பீட்டை எழுதத் தூண்டியது அந்த வருத்தம்தான்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை பென்சில்2டி, கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் ஆகிய நான்கு. நான்கும் விலையில்லாதவை, மூலநிரல் திறந்தவை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குபவை. தொழில்துறையில் புழங்கும் டூன் பூம் ஹார்மனியும் அடோபி அனிமேட்டும் கட்டணம் செலுத்திப் பெறுபவை என்பதால், கற்கத் தொடங்குபவரின் முதல் தேர்வாக அவற்றை நான் வைக்கவில்லை. கிளிப் ஸ்டூடியோ பெயின்ட்டின் புரோ பதிப்பில் 24 ஃபிரேம்களுக்கு (திரையில் ஒரு கணம் தோன்றும் ஒற்றைக் காட்சிகளுக்கு) மேல் அனிமேஷன் செய்ய முடியாது. சின்ஃபிக் இலவசமானதே; ஆனால் இரு நிலைகளுக்கு இடைப்பட்ட அசைவைக் கணினியே கணக்கிட்டுத் தரும்படி அமைக்கப்பட்ட அது, படம் படமாகக் கையால் வரைய விரும்புபவருக்கு ஏற்றதன்று.

எதை வைத்து அளப்பது

கணினிக்கு முந்தைய காலத்தில் அனிமேட்டரின் மேசையில் மூன்று பொருள்கள் கட்டாயம் இருந்தன. துளையிட்ட தாள்களை நகராமல் பிடித்துக்கொள்ளும் பெக் பார், அடியிலிருந்து ஒளி பாய்ச்சி முந்தைய தாளின் கோடுகளைக் காட்டும் லைட் டேபிள், எந்தப் படம் எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்று எழுதிவைத்த எக்ஸ்போஷர் ஷீட் ஆகியவை அவை. அந்த ஷீட்டில் ஒரு வரிசை என்பது ஒரு ஃபிரேம், ஒரு பத்தி என்பது ஒரு லேயர். அதைப் பார்த்துத்தான் கேமரா இயக்குபவர் ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் பிடித்தார். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தி, 12 படங்களில் ஒரு நொடியை முடிப்பது பரவலான வழக்கமாயிற்று.

இன்றைய மென்பொருள்களில் லைட் டேபிளின் வேலையை, முன்பின் படங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் செய்கிறது. எக்ஸ்போஷர் ஷீட்டின் வேலையைச் சிலவற்றில் டைம்லைனும், பிளெண்டரில் டோப் ஷீட்டும், ஓப்பன்டூன்ஸில் எக்ஸ்ஷீட்டும் செய்கின்றன. இந்த உறவு தெரிந்தவருக்கு எந்த மென்பொருளைத் திறந்தாலும் எதைத் தேடுவது என்பது தெரிந்திருக்கும். எங்கே இருக்கிறது என்பது மட்டுமே மீதியிருக்கும் கேள்வி.

ஆகவே இடைமுகத்தின் அழகையோ பொத்தான்களின் எண்ணிக்கையையோ அளவுகோலாக நான் கொள்ளவில்லை. பேனாவை வைத்தவுடன் கோடு எந்த லேயரில், எந்த ஃபிரேமில், எந்தப் படத்தின்மீது விழும் என்பதை வரைபவர் முன்கூட்டியே சொல்ல முடிகிறதா என்பதையே முதல் அளவாகக் கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை: கற்றுக்குட்டிகளுக்கெல்லாம் கொடுக்கப்படும் துள்ளும் பந்துப் பயிற்சி. 24 ஃபிரேம், 12 படங்கள், அடியில் தரைக்கென ஒரு லேயர், மேலே பந்துக்கென ஒரு லேயர்.

பேனாவை வைத்ததும் என்ன நடக்கிறது

முதல் ஃபிரேமில் பந்தை வரைந்துவிட்டு மூன்றாம் ஃபிரேமுக்கு நகர்கிறோம் என்று கொள்வோம். அங்கே புதிய படம் எதுவும் இல்லாததால், முதல் படமே நீடித்து நிற்கும்; திரையிலும் அதுவே தெரியும். இந்த நிலையில் பேனாவை வைத்தால் மூன்றில் ஒன்று நடக்கலாம். கோடு பழைய படத்தின்மீதே விழலாம். வெற்றுத்தாள் ஒன்று பிறந்து கோடு அதில் விழலாம். பழைய படத்தின் நகல் ஒன்று உருவாகி, கோடு அந்த நகலில் சேரலாம். மூன்றுமே வெவ்வேறு சமயங்களில் தேவைப்படுபவை. எது நடக்கப்போகிறது என்று தெரியாமல் வரைவதுதான் சிக்கல்.

கிரிட்டாவில், தானாக ஃபிரேம் உருவாக்கும் பொத்தானை இயக்காதவரை, கோடு பழைய படத்தின்மீதே விழும். புதிய பந்து வேண்டுமானால் டைம்லைனில் அந்தக் கட்டத்தின்மீது வலது கிளிக் செய்து, வெற்று ஃபிரேமையோ நகல் ஃபிரேமையோ நாமே உருவாக்க வேண்டும். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு லேயரில் ஒரு ஃபிரேமைக்கூட உருவாக்காமல் வரைந்தால், கிரிட்டா அந்த லேயரை அசையாப் படமாகவே கருதும். அதில் வரைந்தது தொடக்கம் முதல் இறுதி வரை அப்படியே நிற்கும். தரைக்கான லேயருக்கு இது மிகவும் வசதி. பந்துக்கான லேயரில் இதே நடத்தை, பன்னிரண்டு பந்துகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்த படத்தைத் தந்துவிடும். கிரிட்டா ஓவிய மென்பொருளாகத் தொடங்கி, 2016இல் வெளியான 3.0 பதிப்பில்தான் அனிமேஷனைச் சேர்த்துக்கொண்டது என்பதை நினைவில் வைத்தால் இந்த நடத்தை இயல்பானதாகவே தோன்றும்: அதன் கண்ணில் லேயர் முதலில் ஓவியம், பிறகுதான் அசைவு.

பென்சில்2டி இந்தக் கேள்வியை ஒளிக்காமல் நம்மிடமே கேட்கிறது. அதன் விருப்பத்தேர்வுகளில், வெற்று ஃபிரேமில் வரையும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மேற்சொன்ன மூன்று வழிகளும் எளிய சொற்களில் எழுதிவைக்கப்பட்டுள்ளன. ஒன்றைத் தேர்ந்தால் போதும். ஒரு சிறிய மென்பொருளில் இந்த அளவு தெளிவு இருப்பதை நான் மனதாரப் பாராட்டுவேன். பிற மூன்றிலும் இதே தேர்வு ஏதோ ஒரு வடிவில் உண்டு. ஆனால் அவற்றில் அது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

பிளெண்டரில் இந்த முடிவு இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. டைம்லைனில் உள்ள வட்டமான ரெக்கார்டு பொத்தான் இயங்கிக்கொண்டிருந்தால், புதிய ஃபிரேமில் பேனா வைத்ததும் புதிய கீஃபிரேம், அதாவது அந்த ஃபிரேமுக்கென ஒரு பதிவு, உருவாகும். அது வெற்றுத்தாளாகப் பிறக்குமா, முந்தைய படத்தின் நகலாகப் பிறக்குமா என்பதைக் கருவி அமைப்புகளில் உள்ள 'அடிட்டிவ் டிராயிங்' தீர்மானிக்கும். இரண்டும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அதே ரெக்கார்டு பொத்தான், வரைதலை மட்டுமன்றிப் பொருளின் இடமாற்றத்தையும் பதிவுசெய்யும். தவறுதலாகப் படத்தை முழுவதுமாக நகர்த்திவிட்டால் அந்த நகர்வும் கீஃபிரேமாகப் பதிந்து, ஓட்டிப் பார்க்கும்போது பந்து காரணமே தெரியாமல் வழுக்கிச் செல்லும். சின்ஃபிக்கில் பதிவு நிலை இயங்கும்போது வரைதளத்தைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் தோன்றி எச்சரிக்கும். அப்படியொரு எச்சரிக்கை இவை எல்லாவற்றிலும் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓப்பன்டூன்ஸ் இதை வேறொரு கோணத்தில் அணுகுகிறது. அதில் படம் ஒன்று, அது திரையில் நிற்கும் நேரம் வேறொன்று. நாம் வரையும் படங்கள் 'லெவல்' எனப்படும் தொகுப்பில் எண்ணிடப்பட்டுச் சேர்கின்றன; எக்ஸ்ஷீட்டின் ஒவ்வொரு கட்டமும் அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு படத்தைச் சுட்டுகிறது. வெற்றுக் கட்டத்தில் வரைந்தால் புதிய படம் பிறக்கும். ஏற்கெனவே மூன்றாம் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் கட்டத்தில் வரைந்தால், நீட்டித்து நிறுத்திய கட்டங்களில் புதிய படம் பிறக்கச் செய்யும் அமைப்பு இயங்காதவரை, கோடு மூன்றாம் படத்தில் சேரும். அந்தப் படத்தைச் சுட்டும் எல்லாக் கட்டங்களிலும் அந்த மாற்றம் தெரியும். முதலில் இது குழப்பம் தரும். ஆனால் கட்டத்தில் எந்தப் படம் என்பது எண்ணாகவே எழுதப்பட்டிருப்பதால், கோடு எங்கே விழும் என்பதை வரையும் முன்பே கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடிகிறது. என் அளவுகோலின்படி நான்கில் மிக நேர்மையான திரை இதுவே.

பேனல்கள் எங்கே போகின்றன

கிரிட்டாவை முதலில் திறக்கும்போது அனிமேஷனுக்கான எதுவும் கண்ணில் படாது. வொர்க்ஸ்பேஸ் பட்டியலில் 'அனிமேஷன்' என்பதைத் தேர்ந்த பிறகே டைம்லைன் வெளியே வரும். கிரிட்டாவில் பேனல்களுக்கு 'டாக்கர்' என்று பெயர். மூடிவிட்ட எந்த டாக்கரையும் 'செட்டிங்ஸ்' மெனுவின் டாக்கர் பட்டியலிலிருந்து மீட்கலாம். எல்லாம் கலைந்துபோனால், வொர்க்ஸ்பேஸை மீண்டும் ஒருமுறை தேர்ந்தால் பழைய அமைப்பு வந்துவிடும். டேப் விசையை அழுத்தினால் எல்லாப் பேனல்களும் ஒரே நொடியில் மறைந்து வரைதளம் மட்டும் மிஞ்சும். கைதவறி அதை அழுத்திவிட்டு மென்பொருளே பழுதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. மீண்டும் டேப் அழுத்தினால் போதும். சிறிய திரையில் வேலை செய்பவர்களுக்கு இந்த விசை பெரிய உதவி. வரைதளத்தின்மீது வலது கிளிக் செய்தால் பிரஷ்களும் வண்ணங்களும் வட்டமாகத் தோன்றுவதால், பேனல்கள் இல்லாமலேயே நெடுநேரம் வரையலாம்.

அதே டேப் விசை பிளெண்டரில் எடிட் நிலைக்குள் செல்வதற்கும் வெளியேறுவதற்கும் உரியது. ஸ்பேஸ்பாரும் அப்படியே: பிளெண்டரில் அதை அழுத்தினால் அனிமேஷன் ஓடத் தொடங்கும், கிரிட்டாவில் அதை அழுத்திக்கொண்டு இழுத்தால் வரைதளம் நகரும். ஓப்பன்டூன்ஸில் ஓட்டிப் பார்ப்பதற்கு பி விசை. இரண்டு மென்பொருள்களை ஒரே சமயத்தில் கற்கத் தொடங்குபவரின் விரல்கள் குழம்புவதற்கு இவை போதும். முதல் சில மாதங்களாவது ஒன்றோடு மட்டும் நின்றுகொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமும் இதுதான்.

தமிழில் தட்டச்சு செய்யும் பழக்கமுள்ளவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. தமிழ்99 போன்ற விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது மென்பொருளுக்குச் சென்று சேர்வது தமிழ் எழுத்துகளே என்பதால், ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகள் பல வேலை செய்யாமல் போகலாம். குறுக்குவழி திடீரென்று செயலிழந்தால், அமைப்புகளைக் குடையும் முன் விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பிளெண்டரின் இடைமுகம் நான்கிலும் வேறுபட்டது. தத்துவத்தில் நான்கிலும் சீரானதும் அதுவே. அதில் மிதக்கும் பேனல்கள் இல்லை. சாளரம் முழுவதும் ஒன்றையொன்று மறைக்காத பகுதிகளாகப் பிரிந்திருக்கும். எந்தப் பகுதியையும் எந்த எடிட்டராகவும் மாற்றிக்கொள்ளலாம். மூலையைப் பிடித்து இழுத்தால் ஒரு பகுதி இரண்டாகும். விசையை அழுத்தும்போது சுட்டி எந்தப் பகுதியின்மேல் நிற்கிறதோ, அந்தப் பகுதிக்கே கட்டளை செல்லும் என்பதுதான் இதில் முதலில் அறிய வேண்டிய விதி. சுட்டி டோப் ஷீட்டின்மேல் இருக்கும்போது எஸ் அழுத்தினால் கீஃபிரேம்களின் இடைவெளி நீளும் அல்லது சுருங்கும். அதே எஸ், வரைதளத்தின்மேல் பொருள்களைத் தேர்ந்திருக்கும்போது அவற்றின் அளவை மாற்றும். இந்த ஒரு விதியை யாரும் சொல்லித்தராததால், பிளெண்டர் தன்னிச்சையாக நடந்துகொள்கிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எதைத் தேடுகிறோமோ அதன் பெயர் தெரிந்தால் எஃப்3 அழுத்தித் தேடலாம். நெரிசலாக இருந்தால் கன்ட்ரோலுடன் ஸ்பேஸ்பாரை அழுத்தி, சுட்டி நிற்கும் பகுதியை முழுத்திரைக்குப் பெரிதாக்கலாம்.

பிளெண்டரில் கையால் வரைபவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. புதிய கோப்பைத் திறக்கும்போது '2டி அனிமேஷன்' என்ற வார்ப்புருவைத் தேர்ந்தால் வெள்ளைத்தாள்தான் தெரியும் என்றாலும், அந்தத் தாள் முப்பரிமாண வெளியில் நிற்கிறது. சுட்டியின் நடுப்பொத்தானை அழுத்தி நகர்த்திவிட்டால் பார்வைக் கோணம் திரும்பிவிடும்; அதை உணராமல் வரைந்தால் கோடுகள் சாய்ந்து சிதைந்து விழும். எண் விசைத்தளத்தில் 0 அழுத்தினால் கேமராவின் பார்வைக்குத் திரும்பலாம். எண் விசைத்தளம் இல்லாத மடிக்கணினியில், விருப்பத்தேர்வுகளில் 'எமுலேட் நம்பேட்' என்பதை இயக்கினால் மேல்வரிசை எண்களே அந்த வேலையைச் செய்யும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பிளெண்டர் கோப்பில் திரையமைப்பும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. ஆகவே பிறருடைய கோப்பைத் திறக்கும்போது நம் திரை அவருடைய திரையாக மாறிவிடும். திறக்கும்போது 'லோட் யூஐ' என்பதை நீக்கிவிட்டால் நம் அமைப்பு கலையாது.

ஓப்பன்டூன்ஸ் வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அறையை ஒதுக்குகிறது. வரைவதற்கு ஒன்று, காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்தவற்றைச் சுத்தப்படுத்த ஒன்று, எக்ஸ்ஷீட்டுக்கு ஒன்று, கோப்புகளைத் தேட ஒன்று என்று மேற்புறத்தில் தாவல்களாக அவை நிற்கும். 'ரூம்' என்றே அவற்றுக்குப் பெயர். இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. டிஜிட்டல் வீடியோ என்ற இத்தாலிய நிறுவனத்தின் டூன்ஸ் மென்பொருளை ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி 1990களிலிருந்து பயன்படுத்தித் தன் தேவைக்கேற்பச் செப்பனிட்டது. 2016 மார்ச்சில் டுவாங்கோ நிறுவனம் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. வரைபவர் ஒருவர், சுத்தப்படுத்துபவர் ஒருவர், வண்ணமிடுபவர் ஒருவர் என்று பலர் பங்கிட்டுச் செய்த வேலைக்காக வளர்ந்த திரை அது. வீட்டில் தனியாக அமர்ந்து எல்லாவற்றையும் தானே செய்பவர், அறைகளில் பாதியைத் திறக்காமலே காலம் தள்ளலாம்; நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். பேனல்கள் இழுபட்டுக் கலைவது ஓப்பன்டூன்ஸில் எளிதாக நேரும். 'விண்டோஸ்' மெனுவில் அறையின் பேனல்களைப் பூட்டும் வசதியும், அறைகளைத் தொடக்க நிலைக்கு மீட்கும் வசதியும் இருக்கின்றன. நிறுவிய முதல் நாளிலேயே பூட்டிவிடுவது உத்தமம். இவ்வளவு நெரிசலும் வேண்டாம் என்பவர்களுக்கு, ஓப்பன்டூன்ஸிலிருந்தே கிளைத்து, திரையை எளிமையாக்கிக்கொண்ட டஹோமா2டி என்ற மென்பொருளும் உண்டு.

பென்சில்2டியைப் பற்றி இந்தத் தலைப்பில் சொல்ல அதிகம் இல்லை. கருவிகள், வண்ணங்கள், டைம்லைன் என்று சில பேனல்களே; தொலைந்துபோக இடமே இல்லை. புள்ளிகளால் ஆன பிட்மேப், கணிதக் கோடுகளால் ஆன வெக்டர், ஒலி, கேமரா என்று நான்கு வகை லேயர்கள் உள்ளன என்பதையும், புதிய கோப்பில் பிட்மேப், வெக்டர், கேமரா லேயர்கள் ஏற்கெனவே அமைந்திருக்கும் என்பதையும் அறிந்துகொண்டால் போதும். கேமரா லேயரைத் தேர்ந்து வைத்துக்கொண்டு கோடு விழவில்லையே என்று தவிப்பதுதான் இதில் நேரக்கூடிய பொதுவான குழப்பம்.

நேரத்தைக் கையாள்வது

துள்ளும் பந்தை வரைந்து முடித்த பிறகுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. பந்து மேலே மெதுவாகவும் கீழே வேகமாகவும் செல்ல வேண்டும். அதற்காக உச்சியில் உள்ள படங்களைக் கூடுதல் ஃபிரேம் நிறுத்தியும் தரைக்கருகில் உள்ளவற்றைக் குறைத்தும் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த மாற்றங்கள் எவ்வளவு எளிதில் நடக்கின்றனவோ, அவ்வளவு விரைவாகக் கண்ணும் கையும் நேரத்தைப் பழகும். ஒப்பீட்டில் நான் மிக அதிக எடை தருவது இந்தப் பகுதிக்குத்தான்.

ஓப்பன்டூன்ஸ் இதில் மற்ற மூன்றையும் விட்டு வெகுதூரம் முன்னே நிற்கிறது. படங்கள் எண்களாகக் கட்டங்களில் நிற்பதால், கட்டத்தில் எண்ணைத் தட்டச்சு செய்தே படத்தை மாற்றிவிடலாம். வரைந்த 12 படங்களையும் தேர்ந்து, 'செல்ஸ்' மெனுவின் ரீஃபிரேமில் இரண்டு என்று கொடுத்தால் அவை 24 ஃபிரேம்களுக்கு விரியும். பிடிக்கவில்லையென்றால் ஒன்றுக்கோ மூன்றுக்கோ மாற்றலாம். பந்து கீழே வந்த வழியே மேலே போக வேண்டுமானால், புதிதாக வரையாமல் அதே எண்களைத் தலைகீழ் வரிசையில் இடலாம். அதற்கும் மெனுவில் கட்டளை உண்டு. எக்ஸ்ஷீட் மேலிருந்து கீழாக ஓடுவது பழக்கமில்லாதவர்களுக்கு, ஒரு பொத்தானில் அதையே இடமிருந்து வலமாக ஓடும் டைம்லைனாக மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது.

பிளெண்டரின் டோப் ஷீட்டும் இதில் வல்லதே. வேண்டிய கீஃபிரேம்களைத் தேர்ந்து நகர்த்தலாம், நகலெடுக்கலாம், எஸ் விசைக்குப் பின் 2 அழுத்தி நேரத்தை இரட்டிப்பாக்கலாம். ஆனால் எந்தப் புள்ளி எந்தப் படம் என்பதற்குத் திரையில் அடையாளம் இல்லை. ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். கிரிட்டாவில் ஃபிரேம்களை இழுத்து நகர்த்தலாம், நிறுத்த நேரத்தை வலது கிளிக்கில் கூட்டலாம். 2021 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு டைம்லைனைத் திருத்தியமைத்ததோடு, ஒரே படத்தைப் பல இடங்களில் இடும் குளோன் ஃபிரேம் வசதியையும் கொண்டுவந்தது. சில நொடிகள் ஓடும் துண்டுக்கு இது தாராளம். ஒரு நிமிடக் காட்சியில் பல லேயர்களைச் சேர்த்து நகர்த்த வேண்டிவரும்போது கை சலித்துவிடும்.

ஆனியன் ஸ்கின்னைப் பொறுத்தவரை கிரிட்டாவே எனக்குப் பிடித்தது. லேயரில் உள்ள விளக்குச் சின்னத்தை அழுத்தினால் இயங்கும். தனி டாக்கரில் முன்னும் பின்னும் பத்துப் படங்கள் வரை ஒவ்வொன்றின் அடர்த்தியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். ஓப்பன்டூன்ஸில் எந்தெந்தப் படங்கள் தெரிய வேண்டும் என்பதை எக்ஸ்ஷீட்டின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளலாம். துல்லியம் அதிகம், கண்டுபிடிப்பது கடினம்.

வண்ணத்தில் ஒரு வேறுபாடு மட்டும் முடிவைப் பாதிக்கக்கூடியது. ஓப்பன்டூன்ஸின் வெக்டர் லெவலிலும் டூன்ஸ் ராஸ்டர் (புள்ளிப்பட வகை) லெவலிலும் கோடும் நிறமும் பேலட் எனப்படும் நிறத் தொகுப்போடு இணைந்திருப்பதால், பேலட்டில் ஒரு நிறத்தை மாற்றினால் நூறு படங்களிலும் அது மாறிவிடும். பிளெண்டரில், கோட்டின் நிறத்தைத் தீர்மானிக்கும் மெட்டீரியல் வழியாக இதையே செய்யலாம். கிரிட்டாவில் பேலட்டோடு அப்படியொரு இணைப்பு இல்லாததால், பந்தின் சிவப்பை ஆரஞ்சாக்க வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

கையிலிருக்கும் கணினி

1366க்கு 768 திரை கொண்ட மடிக்கணினியில் ஓப்பன்டூன்ஸின் அறைகள் மூச்சுமுட்டும். பிளெண்டரில் விருப்பத்தேர்வுகளில் இடைமுகத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். கிரிட்டாவில் டேப் விசை காப்பாற்றும். பிளெண்டர் 4.0 முதல் ஓப்பன்ஜிஎல் 4.3 என்ற கிராஃபிக்ஸ் தரத்தை ஏற்கும் வசதி கட்டாயமாகிவிட்டதால், பழைய கணினிகளில் புதிய பதிப்புகள் திறக்கவே மறுக்கலாம். கிரிட்டாவில் பெரிய அளவுப் படங்களாக ஃபிரேம்கள் சேரச் சேர நினைவகம் விரைவாக நிரம்பும் என்பதால், பயிற்சிக்கு 1280க்கு 720 போன்ற அளவிலேயே வரைவது நல்லது.

யாருக்கு எது

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் பென்சில்2டியைத் தேர்ந்தால் தவறே இல்லை. முதல் வகுப்பிலேயே பந்து துள்ளிவிடும். ஏற்கெனவே கிரிட்டாவில் ஓவியம் வரைபவர், ஒவ்வொரு படத்தின் பிரஷ் வேலைப்பாட்டிலும் மனம் கொண்டவர், சில நொடித் துண்டுகளே போதும் என்பவர் கிரிட்டாவிலேயே தொடர்வது நல்லது. புதிதாகக் கற்க வேண்டியது டைம்லைன் ஒன்றைத்தான். காட்சிக்குள் கேமரா பயணிக்க வேண்டும், முப்பரிமாணப் பின்னணியில் கைவரை உருவங்கள் உலவ வேண்டும் என்று கனவு காண்பவருக்குப் பிளெண்டரைத் தவிர இந்த நான்கில் வேறு வழியில்லை. சுட்டி நிற்கும் பகுதியின் விதியும் கேமராப் பார்வைக்குத் திரும்பும் விசையும் மனத்தில் பதிந்துவிட்டால், அதன் பெரும்பகுதி அச்சம் விலகிவிடும்.

ஆனால் கையால் வரையும் அனிமேஷனையே தன் கலையாகக் கொண்டு, அதன் நேரக் கணக்கை அடிப்படையிலிருந்து கற்க விரும்பும் ஒருவர் என்னிடம் கேட்டால், திரையின் நெரிசலைப் பொறுத்துக்கொண்டு ஓப்பன்டூன்ஸைத் தொடங்குங்கள் என்றே சொல்வேன். படத்தையும் அது நிற்கும் நேரத்தையும் தனித்தனியே சிந்திக்கும் பழக்கத்தை அது முதல் நாளிலிருந்தே கைக்குத் தருகிறது. டிராயிங் டேப்லெட் வாங்க வசதியில்லாமல் காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்பவருக்கும், அதற்கென்றே தனி அறை வைத்திருக்கும் ஓப்பன்டூன்ஸ்தான் பொருத்தம்.

எதைத் தேர்ந்தாலும், பின்பற்றும் காணொளிப் பாடம் நம் கையிலிருக்கும் பதிப்புக்கு உரியதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். பிளெண்டர் 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் தன் திரையை அடியோடு மாற்றியது. அதற்கு முன்பு வலது கிளிக்கில்தான் பொருள்களைத் தேர்ந்தார்கள். கைவரைதலுக்கான கிரீஸ் பென்சில் பகுதி 2024இல் வந்த 4.3 பதிப்பில் மறுபடி எழுதப்பட்டது. கிரிட்டாவில் 5.0க்கு முந்தைய பாடங்களின் டைம்லைன் வேறு மாதிரி இருக்கும். வீடியோவாக வெளியிடத் தேவையான எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளை 5.2க்கு முன்பு தனியாக இறக்கி இணைக்க வேண்டியிருந்தது. இப்போது அது கிரிட்டாவுடனேயே வருகிறது.

முதல் தேர்வு நிரந்தரமாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நான்கிலிருந்தும் படங்களை வரிசை எண்ணிட்ட பிஎன்ஜி கோப்புகளாக வெளியேற்றி மற்றொன்றில் இறக்கிக்கொள்ளலாம். ஓப்பன்டூன்ஸில் அசைவைச் செப்பனிட்டு, கிரிட்டாவில் நிழலும் ஒளியும் தீட்டுவது நடைமுறையில் சாத்தியமானதே. அப்படிச் செய்யும்போது வரைதளத்தின் அளவையும் ஃபிரேம் வேகத்தையும் இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். பென்சில்2டி புதிய கோப்பை நொடிக்கு 12 ஃபிரேம் என்று தொடங்கும். மற்ற மூன்றும் 24 என்று தொடங்கும். அதைக் கவனிக்காமல் மாற்றினால், பென்சில்2டியில் ஒரு நொடியில் துள்ளிய பந்து அடுத்த மென்பொருளில் அரை நொடியிலேயே துள்ளி முடிந்துவிடும்.